லாரியில் போன வள்ளங்கள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ வாட்ஸப்பில் அனுப்பிய வீடியோவை அம்மா பார்த்ததிலிருந்து வீட்டில் ஒரே புலம்பல். ஷார்ஜாவில் ஏப்ரல் 16ஆம் தேதி கொட்டிய மழையில் உங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். அதில் இடுப்பளவுக்கு இறங்கி, பக்கத்துக் கட்டடத்து வயதான அம்மாவை நாற்காலியோடு தூக்கி வருகிறீர்கள். முன்னால் பிடித்திருப்பது நீ. கடலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் தெரியாத ஒரே ஆள் நீதான் என்று ஊரே கேலி பேசும். அப்புறம் அம்மா எப்படிச் சும்மா இருப்பாள்?

அன்று போனில் "நான் செஞ்சது தப்பாப்பா?" என்று கேட்டாய். அம்மா பக்கத்திலேயே நின்றாள், அதனால் ஒன்றும் சொல்லாமல் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். தப்பு இல்லை மக்களே. ஆனால் அதோடு முடிகிற பேச்சு இல்லை இது, அதனால்தான் எழுதுகிறேன்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் வந்த வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நீ கோயம்புத்தூரில் கல்லூரியில் இருந்தாய். டிவியில் பார்த்திருப்பாய், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. நம் குமரி மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். உன் மாமாவின் சம்பந்தி விழிஞ்ஞத்துக்காரர், சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர். வெள்ளத்தில் மாட்டியவர்களைக் காப்பாற்ற அவரும் போனார். நான் ஐஸ் பிளான்ட் வேலையை விட்டு நின்ற பிறகு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசியதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாக ஒன்று சொல்வார்.

அந்த வருஷம் ஜூனிலிருந்தே விடாத மழை. கேரளத்தில் இருக்கிற 54 அணைகளில் 35 அணைகளைத் திறந்துவிட்டார்கள். இடுக்கி அணைக்காக செறுதோணியில் ஷட்டரைத் தூக்கியது 26 வருஷத்துக்குப் பிறகு. பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறு எல்லாம் ஒரே நேரத்தில் கரையை உடைத்தன. ஆகஸ்ட் 15 ராத்திரியில் ரான்னி, ஆரன்முளை, செங்கன்னூர் பக்கம் மாடி வரை தண்ணீர். ஹெலிகாப்டர்கள் வந்தன, ராணுவம் வந்தது, கடற்படை வந்தது. ஆனால் ஒரு மாவட்டமே மொட்டைமாடியில் ஏறி நின்றால் எத்தனை ஹெலிகாப்டர் போதும்? செங்கன்னூர் எம்எல்ஏ டிவி நேரலையில் அழுதே விட்டார், ஹெலிகாப்டர் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஜனங்கள் செத்துப்போவார்கள் என்று.

அந்த நேரத்தில்தான் கடற்கரையில் வள்ளங்களை லாரியில் ஏற்றினார்கள். விழிஞ்ஞம், பூந்துறை, கொல்லத்து நீண்டகரை, ஆலப்புழை, வடக்கே பொன்னானி, தானூர் என்று கரை முழுக்க இதே வேலை. கோயில் மைக்கில் அறிவித்தார்கள், கொஞ்ச நேரத்தில் ஆள் கூடிவிட்டது என்றார் சம்பந்தி. வள்ளத்தின் நீளம் லாரியின் நீளத்தைவிட அதிகம். பாதி வள்ளம் பின்னால் தொங்க, கயிற்றால் வரிந்து கட்டி, எஞ்சினைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு போனார்களாம். கடலை விட்டு வேறு தண்ணீரில் வள்ளம் இறக்காதவர்கள், எந்த ஊருக்குப் போகிறோம் என்றுகூடச் சரியாகத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியிருக்கிறார்கள்.

அரசுக் கணக்குப்படி 669 வள்ளங்கள், நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் மீனவர்கள். அவர்கள் காப்பாற்றியவர்கள் 65,000 பேர். அந்த வெள்ளத்தில் செத்தவர்கள் 400க்கும் மேல். இவர்கள் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நின்றிருக்குமோ.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அவர்கள் அங்கே எப்படி வேலை செய்தார்கள் என்பதை.

கடலில் அலை எங்கே எழும்புகிறது, எங்கே உடைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆற்று வெள்ளம் அப்படி இல்லை, ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், தெரு முனை திரும்பினால் சுழி இருக்கும். தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டு சுவர், அதன் மேல் ஈட்டி மாதிரி இரும்பு கேட், கிணறு, கார். தலைக்கு மேல் கரண்டுக் கம்பி. தண்ணீர் ஏறியிருப்பதால் கம்பி கழுத்துக்கு நேராக வரும். அதனால் வள்ளத்தின் முன் நுனியில், அணியத்தில் ஒருவர் நின்று முன்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். பின்பக்கம் அமரத்தில் எஞ்சின்காரர் அவர் கையை மட்டுமே பார்ப்பார். நடுவில் ஒருவர் மூங்கில் கழியால் ஆழம் பார்ப்பார். சுவர் தட்டுகிறது என்றால் உடனே எஞ்சினை மேலே தூக்கிவிட்டுத் துடுப்புப் போட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் எஞ்சினின் காற்றாடி உடைந்துவிடும். நிறையப் பேருக்கு உடைந்தது. அடிப்பலகை கிழிந்து திரும்பிய வள்ளங்களும் உண்டு.

எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் உள்ளூர்ப் பையன் ஒருவனைப் பிடித்து வள்ளத்தில் உட்கார வைத்துக்கொண்டார்களாம். ரோடு எங்கே ஓடுகிறது, வயல் எங்கே தொடங்குகிறது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தப் பையன்கள் இல்லாவிட்டால் பாதி வீடுகளைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்று சம்பந்தி சொல்வார்.

அதைவிடக் கஷ்டம் ஆட்களை ஏற்றுவது. மாடியில் முப்பது பேர் நிற்பார்கள், வள்ளத்தைக் கண்டதும் எல்லோரும் ஒரே பக்கம் குதிக்கப் பார்ப்பார்கள். கவிழ்ந்தால் எல்லோருக்கும் சேர்த்து முடிந்தது. சம்பந்தி முதலில் சுவரிலோ மரத்திலோ கயிற்றைக் கட்டுவாராம். அப்புறம் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள். வள்ளம் தாங்குகிற அளவுக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற மாட்டார். மிச்சப் பேரிடம் "திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளும்போது அவர்கள் பார்க்கிற பார்வைதான் இப்போதும் தூக்கத்தில் வருகிறது என்றார். திரும்பிப் போனாரா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், ஒரு வீட்டுக்கு இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தோம் என்று.

மலப்புறத்தில் தானூர் மீனவர் ஒருவரின் வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். பெண்களுக்கு எட்டிப் படகில் ஏற முடியவில்லை. அவர் தண்ணீரிலேயே கையையும் முழங்காலையும் ஊன்றிக் குனிந்து நின்றார். அவர் முதுகில் கால் வைத்து ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்போது உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு அந்த வீடியோவில் பிடித்தது வேறு. அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அது தன் வேலையில் ஒரு பகுதி என்பது மாதிரி குனிந்துவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு வீட்டுக்காரர்கள், வந்தவர் எந்த மதம் என்று கேட்டு முதலில் வள்ளத்தில் ஏற மறுத்திருக்கிறார்கள். பிறகு கூப்பிட்டபோது, தங்களைத் தொடாமல் ஏற்ற வேண்டும் என்றார்களாம். கொல்லத்து மீனவர் ஒருவர் பேட்டியில் இதைச் சொன்னார். தொடாமல்தான் ஏற்றினார்களாம். நம் ஊர் பஸ்ஸில் மீன் கூடையோடு ஏறுகிற பெண்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய். எனக்கு அந்த இடத்தில் அவ்வளவு பொறுமை இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது எனக்குக் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்துக்கு ஒன்பது மாதம் முன்னால், 2017 நவம்பர் கடைசியில்தான் ஒக்கி புயல். எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது ஆட்கள் ஏற்கனவே ஆழ்கடலில். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று நம் கரையில் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் அதே கதை. தேடப் போங்கள் என்று கேட்டுக் குழித்துறையில் ஆயிரக்கணக்கில் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, நானும் அம்மாவும் போனோம். அந்தப் பக்கம், அரசாங்கம் தேடுவது போதாது என்று மீனவர்கள் தாங்களே வள்ளம் எடுத்துக் கடலுக்குள் போய்த் தேடினார்கள். சம்பந்திக்கும் அந்தப் புயலில் அக்கா மகன் போய்விட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த மனிதர்தான் அடுத்த ஆகஸ்டில் யாரென்றே தெரியாதவர்களைக் கூட்டிவர லாரி ஏறினார்.

அதனால்தான் அந்த நாட்களில் "கடவுள் மாதிரி வந்தார்கள்" என்று ஆளாளுக்கு எழுதியதைப் படித்தபோது எனக்கு ஒட்டவில்லை. கடவுளுக்கு மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுக்க வேண்டாம், எஞ்சின் பழுது பார்க்க வேண்டாம், புயல் வருகிறது என்று நேரத்தோடு சொல்லவும் வேண்டாம். அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயன் இவர்களைக் கேரளத்தின் சொந்த ராணுவம் என்றார், சரி, நல்ல வார்த்தை. ஒரு வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் தருவோம் என்று அரசு அறிவித்தது. கொச்சி மீனவர் ஒருவர், கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றியதற்குப் பணம் வேண்டாம் என்று வீடியோவிலேயே சொன்னார். அதுவும் ஆகஸ்ட் மாதம், மீன் கிடைக்கிற காலம். கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். அவர் மறுத்தது அவர் பெருமை. ஆனால் வாங்கியவர்களை நான் குறைவாக நினைக்க மாட்டேன். சம்பந்தி வாங்கினார், காற்றாடி மாற்றினார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவை நீங்கள் நாலு பேராக, நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கினீர்கள், நல்ல யோசனை. ஆனால் வீடியோவில் உங்களுக்குப் பின்னால் ஒரு கடையின் போர்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் அந்த ஒயர் எங்கே போகிறது என்று உங்களில் யாருக்குத் தெரியும்? கரண்டு நின்றதா என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். ஒரு கயிறு எடுத்திருக்கலாம். கையில் குச்சி வைத்து முன்னால் தட்டிக்கொண்டே நடந்திருக்கலாம், மேன்ஹோல் மூடி திறந்து கிடந்தால் ஆள் நேராக உள்ளேதான். நீ இனிமேல் இறங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டாய். தெரிந்துகொண்டு இறங்கு என்கிறேன். உன் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது என்று முன்பு சொன்னாய், அதில் பெயர் கொடு. வெள்ளிக்கிழமை லீவில் நீச்சல் கற்றுக்கொள். வயது ஒன்றும் ஆகிவிடவில்லை.

அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோபமெல்லாம் வெளியில்தான். நேற்று அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளே காட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று. மாமா வள்ளத்தில் போகிற பையன்கள் லைஃப் ஜாக்கெட் போடுவதில்லை. பழசு கனமாக இருக்கிறது, வலை இழுக்கும்போது கைக்கு இடைஞ்சல் என்கிறார்கள், அது உண்மையும்கூட. காற்று அடைக்கிற மாதிரி மெல்லிசாக ஒன்று அங்கே கிடைக்கிறதாமே. ஐந்து பேருக்கு என்ன விலை ஆகும் என்று விசாரித்துச் சொல். பாதிப் பணம் நான் தருகிறேன், மீதியை நீ போடு. மாமாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, வேண்டாம் என்பார்.

அன்புடன்,
அப்பா