பதினான்காம் வாரம்

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்டால் "நலம்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய் என்பதால், இந்த முறை கேட்காமலே எழுதுகிறேன். அறுவை சிகிச்சை நடந்து நேற்றோடு பதின்மூன்று வாரம் முடிந்து, இன்று பதினான்காவது வாரம் தொடங்குகிறது. நீ எண்ணுகிறாயோ இல்லையோ, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அத்தனை ஆண்டுகள் உன் அம்புகளை எண்ணிப் பழகியவளுக்கு எதையாவது எண்ணாமல் இருக்கத் தெரியவில்லை.

அன்று மருத்துவர் சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறேன். தோள் மூட்டை நான்கு தசைகள் உறை போலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. அவற்றில் மேற்புறமாக ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் எலும்பிலிருந்து கிழிந்து விலகியிருந்தது. அதை இழுத்துத் தைத்து இரண்டு ஆங்கர் வைத்திருக்கிறோம் என்றார். ஆங்கர் என்ற சொல் காதில் விழுந்ததும், மயக்கம் முழுதும் தெளியாத அந்த நிலையிலும் நீ சிரித்தாய். நமக்கு ஆங்கர் என்றால் இழுத்த நாண் வந்து தாடையில் படியும் இடம். அவருக்கு அது எலும்புக்குள் இறக்கும் சிறு திருகு. நீ ஏன் சிரிக்கிறாய் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நானும் சிரித்தேன். அந்த வார்டில் நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

அவர் சொன்ன மற்றவற்றையும் உனக்கு நினைவுபடுத்துகிறேன். முதல் ஆறு வாரம் ஸ்லிங், கையை அசையாமல் தாங்கும் அந்தத் துணிப்பட்டை. அதன் பிறகு கையைத் தானாகத் தூக்கப் பழகுவது. பன்னிரண்டு வாரம் கடந்த பிறகே ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, அதுவும் மிக லேசான பட்டை. வில்லைப் பற்றிய பேச்சே ஆறு மாதத்தை ஒட்டித்தான், அதுவும் பிசியோ இரண்டு தோள்களின் வலுவையும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துச் சம்மதித்தால். இப்போதைக்குத் தையல்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தசைநாண் தானாக எலும்போடு ஒட்டி வளர்வதற்கு மாதங்கள் வேண்டும் என்றார். வலி போவது முதலில், வலு வருவது கடைசியில், இடைப்பட்ட காலத்தில்தான் பலர் மறுபடியும் கிழித்துக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார். "இப்போது வலியே இல்லை அம்மா" என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வலி இருந்தவரை உன்னைக் காக்க அதுவாவது இருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காணொளி அழைப்பில் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது, தாடையின் நடுவிலிருந்து கீழுதடு வரை ஒரு சிவந்த கோடு தெரிந்தது. என்ன அது என்றேன். தலையணை மடிப்பு என்றாய். மாலை ஐந்து மணிக்குத் தலையணை மடிப்பு இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. தூங்கியிருப்பாய். தூக்கம் நல்லது, சாய்வு நாற்காலியில் ஆறு வாரம் உட்கார்ந்தபடியே தூங்கியவளுக்குக் கணக்குத் தீர்க்க இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. பிசியோ சொல்லும் வரை நாணைத் தொடாதே என்பதை மட்டும் எழுத வந்தேன்.

உன் அண்ணனுக்கு ஒரு யோசனை. வலத்தோள்தானே கெட்டது, இடக்கையால் இழுக்கப் பழகலாமே என்கிறான். வில்லைத் தொடாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இழுக்கும் கை எவ்வளவு இழுக்கிறதோ, அவ்வளவையும் வில்லைப் பிடித்த கை தள்ளித் தாங்குகிறது. கை மாற்றினால் தைத்த தோள்தான் வில்லைத் தாங்கும் தோளாகும். ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள வில்லை நீட்டிய கையில் உயர்த்திப் பிடிப்பது அந்தச் சுப்ராஸ்பைனேட்டஸுக்கே நேராகக் கொடுக்கும் வேலை. இதை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். "நீங்களே ஒரு பிசியோ ஆகிவிட்டீர்களே" என்று கேலி செய்தான். பன்னிரண்டு ஆண்டுகள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

அவன் போன பிறகு சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் வில்லை முழுக்க இழுக்கத் தேவையான விசை 42 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 19 கிலோ. தகுதிச் சுற்றின் 72 அம்புகளுக்கு அது மொத்தம் 1,370 கிலோவைத் தொடுகிறது. பயிற்சி நாளில் 200 அம்பு என்றால் 3,800 கிலோ. ஒரு சரக்கு வண்டியின் சுமையை ஒரு மாலைப் பொழுதில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நானும் பக்கத்தில் குடையோடு நின்று "இன்னும் ஒரு சுற்று" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்த எனக்கு அதன் எடையைப் பெருக்கிப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

உனக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலிறுதியை மறந்திருக்க மாட்டாய். ஒரு அம்புக்கு இருபது வினாடி. பன்னிரண்டு வினாடி போன பிறகு, முழுக்க இழுத்து நின்ற நிலையில், ஏதோ சரியில்லை என்று எய்யாமல் நாணைத் தளர்த்தி இறக்கினாய். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மறுபடியும் இழுத்து, அம்பு முழு அளவுக்கு வந்துவிட்டது என்று கிளிக்கர் சொடுக்கிய அதே கணத்தில் விட்டாய். பத்து. எல்லோரும் அந்தப் பத்துக்குக் கை தட்டினார்கள். நான் மட்டும் நீ நாணை இறக்கியதற்குத் தட்டினேன். எட்டு வினாடி மிச்சமிருக்கும்போது அவசரப்படாத பெண், கையில் எட்டு மாதம் இருக்கும்போது அவசரப்படுவாள் என்றால் நான் எதை நம்புவது? நீ அவசரப்படுகிறாய் என்று சொல்லவில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

உன் அத்தை ஒரு காணொளியை உனக்கும் அனுப்பியிருப்பார். கைகள் இல்லாமல் காலால் வில்லைப் பிடித்து எய்யும் மாட் ஸ்டட்ஸ்மேன். மன உறுதி இருந்தால் போதும் என்று கீழே எழுதியிருந்தார். அவருடைய அன்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதர் தன் உடம்பால் எது முடியும் என்று பார்த்து அதற்கேற்ற முறையைக் கண்டுபிடித்தார், தைத்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு எய்யவில்லை. 2012இல் லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர் தனிநபர் தங்கம் வாங்கியது 2024இல், பாரிஸில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். அத்தையின் காணொளியில் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டு வினாடியில் ஓடிவிடுகின்றன.

இதை எழுதுவதற்கு முன் பச்சை நோட்டை எடுத்துப் பார்த்தேன். உனக்குப் பதினைந்து வயதான அந்த ஆண்டின் பக்கங்கள். அறுபது மீட்டருக்கு மாற வேண்டும், தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது, வில்லின் வளையும் இரு கைகளான உன் 26 பவுண்டு லிம்ப்களில் அம்பு அவ்வளவு தூரம் நேராகப் போய்ச் சேரவில்லை. இரண்டிரண்டு பவுண்டாக ஏற்றுவோம், ஓராண்டு ஆகட்டும் என்று உன் பயிற்சியாளர் சொன்னார். நான் அவரிடம்கூடச் சொல்லாமல் 34 பவுண்டு லிம்ப்களை வாங்கி உன் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். நீ மகிழ்ந்து போனாய். தேர்வாகவும் செய்தாய். அந்த மூன்று மாதங்களும் முதுகால் இழுக்க வலு போதாமல் தோளைக் காது வரை தூக்கித் தூக்கித்தான் இழுத்தாய். தோள் அப்படி ஏறும்போது எலும்புக்குக் கீழே உள்ள இடைவெளி குறுகி, தசைநாண் உரசுகிறது என்பதை இப்போதுதான் அறிகிறேன்; ஆனால் தோள் ஏறியதை அன்றே பார்த்தேன். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்று நீ இரண்டு முறை சொன்னாய். நோட்டில் என் கையெழுத்தில் இருப்பது இது: "180 அம்பு. கடைசி 40இல் சோம்பல். தோள் வலி என்கிறாள்." அந்தக் கடைசி வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறேன். ஏன் அடித்தேன் என்று நினைவில்லை. பயிற்சியாளர் நோட்டைப் பார்ப்பார் என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

மருத்துவர் சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறேன் என்று மேலே சொன்னேன். ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதவில்லை. "இது ஒரே நாளில் கிழிந்தது அல்ல, ஓரமெல்லாம் நைந்திருக்கிறது, பல ஆண்டு உரசல்" என்றார். நீ கண்ணை மூடியிருந்தாய். உனக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று, உன் குழு தோற்ற நாளெல்லாம் நான் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறதா? மருத்துவரின் அந்த வாக்கியம் அன்று என்னைப் பார்த்தே சொல்லப்பட்டது போல இருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டால் நீ உடனே "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா" என்பாய், அதனால் கேட்கவில்லை. வலிக்கிறது என்று சொன்னால் சோம்பல் என்று பெயர் வாங்கும் என்பதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். வலி இல்லை என்று இன்று நீ சொன்னால் நான் எப்படி நம்புவது?

ஆறு மாதம் ஆகி, பிசியோவும் சம்மதித்த பிறகு எப்படித் தொடங்குவது என்பதை உன் பயிற்சியாளரிடம் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. 20 பவுண்டு வில், ஐந்து மீட்டர் தூரம், இலக்குத் தாள் மாட்டாத வெறும் பலகை, ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது அம்பு. கூட்டினால் அது 270 கிலோ, அதுவும் குறைவல்ல. முதலில் எண்ணிக்கையை ஏற்றலாம், பிறகு பவுண்டை. இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. உன்னிடம் உள்ள அம்புகள் அந்த லேசான வில்லுக்கு விறைப்பு அதிகம் என்பதால் இடப்பக்கமாக விலகிப் போகும். அதைத் திருத்துகிறேன் என்று தோளைக் கோணாதே. போகட்டும். அந்தப் பலகையில் மதிப்பெண் எதுவும் இல்லை. நான் எண்ணவும் மாட்டேன். நோட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

அதுவரை ரப்பர் பட்டை, பிசியோ சொன்ன அளவு. அவர் பத்து என்றால் பத்து. பன்னிரண்டு செய்தால் சீக்கிரம் ஆறாது. பிசியோ சொல்லும் வரை நாணைத் தொடாதே. முன்பே எழுதிவிட்டேன், தெரிந்துதான் மறுபடியும் எழுதுகிறேன்.

அண்ணன் வரும் வெள்ளிக்கிழமை உன் ஊர்ப் பக்கம் வருகிறான். அந்த 42 பவுண்டு லிம்ப்களை உறையோடு அவனிடம் கொடுத்தனுப்பு. இங்கே ஈரம் படாமல் பத்திரமாக வைத்திருப்பேன், நீ கேட்கிற அன்று நானே கொண்டு வந்து தருகிறேன். எதற்கு என்று அவன் கேட்டால், அம்மா துடைத்து வைக்கக் கேட்டாள் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது சன்னலுக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் படும்படி உட்கார்.

அன்புடன்,
அம்மா