பாடலாசிரியரின் பெயர் விடுபட்டுவிட்டது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில், 1991ஆம் ஆண்டு வெளிவந்த 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' என்ற டிஸ்னி அனிமேஷன் படத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஓவியங்களின் அழகையும், நடன மண்டபத்தைக் கணினியில் உருவாக்கிய விதத்தையும், ஆலன் மென்கனின் இசையையும் கட்டுரையாளர் மனம் நிறைந்து பாராட்டியிருந்தார். அவற்றில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஆனால், பாடல்களை எழுதிய ஹோவர்ட் ஆஷ்மனின் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. கதைக்கு நடுவே குழந்தைகளைக் குஷிப்படுத்த வரும் இளைப்பாறல்கள் என்ற அளவிலேயே பாடல்கள் பேசப்பட்டிருந்தன. சாபத்தால் மிருகமாகிவிட்ட ஓர் இளவரசனின் கோட்டையில், தன் தந்தையை விடுவிப்பதற்காகத் தானே கைதியாகத் தங்கும் பெல் என்ற பெண்ணின் கதை அது. அந்தப் படத்தின் கதையைச் சொல்வதே பாடல்கள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் எட்டு வயதுப் பேத்திக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பாட்டு வந்தால் ரிமோட்டை எடுத்து ஓட்டிவிடுவது அவள் வழக்கம். குளிர்காலத்தில் வரும் ஒரு சிறு பாட்டையும் அப்படியே ஓட்டிவிட்டாள். அடுத்து நடன மண்டபக் காட்சி வந்ததும், "இப்பதானே சண்டை போட்டாங்க, அதுக்குள்ள எப்படிப் பாட்டி ஒண்ணா டான்ஸ் ஆடறாங்க?" என்று கேட்டாள். பின்னால் போய் அந்தப் பாட்டைப் பார்க்கச் சொன்னேன். இரண்டரை நிமிடம்கூட வராத பாட்டு அது. அதற்குச் சற்று முன் ஒரு காலை உணவு: மிருகம் கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்து உறிஞ்சுகிறது, பிறகு வெட்கப்பட்டுக் கரண்டியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்கிறது, பெல் தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை இரு கைகளாலும் தூக்கிக் குடிக்க, மிருகமும் அப்படியே குடிக்கிறது. பிறகு பனியில் பறவைகளுக்குத் தீனி போடும்போது பாட்டு தொடங்குகிறது. இருவரும் வாய் திறந்து பாடுவதில்லை. மனத்தில் ஓடும் எண்ணங்களாகவே வரிகள் ஒலிக்கின்றன. ஒருவரிடம் ஒருவர் சொல்லத் துணியாததை நாம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பகை நட்பாக மாறும் இடம் அந்தப் பாட்டுதான். அதை எடுத்துவிட்டால் என் பேத்தியின் கேள்விக்குப் படத்தில் விடை கிடையாது.

இந்த இடத்தில் முதலில் இருந்தது வேறொரு பாட்டு என்பது கவனிக்கத்தக்கது. சாபத்தால் மெழுகுவர்த்தித் தண்டாகவும் கடிகாரமாகவும் தேநீர்க் கெண்டியாகவும் மாறிப்போன பணியாளர்கள், மறுபடி மனிதராகும் நாளை எண்ணி மகிழும் நீண்ட பாட்டு அது. அதில் மாதக்கணக்கில் காலம் நகர்வதால், அத்தனை மாதமும் பெல்லின் தந்தை என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி எழுந்தது. நல்ல பாட்டு என்று தெரிந்தே அதைத் தூக்கிவிட்டு, இந்தச் சின்னப் பாட்டை வைத்தார்கள். 2002இல் வந்த சிறப்புப் பதிப்பில் பழைய பாட்டையும் வரைந்து சேர்த்தார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் கதை கால்நீட்டி உட்கார்ந்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

தொடக்கப் பாட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பெல் கூடையும் கையுமாக ஊருக்குள் நடந்து வருகிறாள். ஊரில் அவள் ஒருத்தி மட்டுமே நீல உடை உடுத்தியிருக்கிறாள். ரொட்டிக் கடைக்காரர் வழக்கம்போல் தட்டோடு வெளியே வருகிறார், சன்னல்கள் திறக்கின்றன, ஊரே அவளைப் பற்றிப் பேசுகிறது. அழகான பெண்தான், ஆனால் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் விசித்திரமான பெண் என்கிறார்கள். அவள் நீரூற்றின் விளிம்பில் அமர்ந்து, சுற்றி நிற்கும் ஆடுகளுக்குத் தன் புத்தகத்தில் பிடித்த கட்டத்தைச் சொல்கிறாள். ஓர் ஆடு அந்தப் பக்கத்தையே கடித்துத் தின்கிறது. அந்தக் கட்டத்தில் நாயகி இளவரசனைச் சந்தித்துவிடுகிறாள், ஆனால் அவன்தான் இளவரசன் என்பது மூன்றாம் அத்தியாயம் வரை அவளுக்குத் தெரியாது. தனக்கு நடக்கப்போவதையே அவள் ஆடுகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! அதே பாட்டுக்குள் ஊர் வேட்டைக்காரன் காஸ்டான் வந்து, ஊரிலேயே அழகியான அவளைத்தான் மணப்பேன் என்று அறிவித்தும் விடுகிறான். ஊர், நாயகி, அவளுடைய ஏக்கம், வில்லன், அவனுடைய நோக்கம் ஆகிய அனைத்தும் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. வசனமாக எழுதியிருந்தால் இதற்கு எத்தனை காட்சிகள் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முதல் பாட்டில் பெல்லைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்த இதே ஊர்க்காரர்கள்தான் இறுதியில் தீப்பந்தம் ஏந்திக் கோட்டையைத் தாக்கப் புறப்படுகிறார்கள். தமக்குப் புரியாததைத் தமக்குப் பிடிக்காது என்று, அப்படிப் புறப்படும்போது பாடும் பாட்டில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வம்புப் பேச்சாகத் தொடங்கியது வெறியாக முடிவதைப் படம் எந்தப் பாத்திரத்தையும் விட்டு விளக்கிச் சொல்லவில்லை. ஆஷ்மன் அதை இரண்டு பாட்டுகளுக்குள் வைத்துவிட்டார். மதுக்கடையில் காஸ்டானின் புகழ் பாடும் பாட்டும் இந்த வகைதான். சிறு வயதில் நாள்தோறும் நான்கு டஜன் முட்டை தின்றதாகவும் இப்போது ஐந்து டஜன் தின்பதாகவும் அவன் பீற்றிக்கொள்ளும்போது நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். சில நிமிடங்களில் அதே மெட்டிலேயே, பெல்லின் தந்தையைப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கும் சதி தீட்டப்படுகிறது. சிரித்த மெட்டே நம்மைக் குத்துகிறது.

ஆஷ்மன் மேடை இசை நாடகத்திலிருந்து வந்தவர். பேசித் தீராத இடத்தில்தான் பாத்திரம் பாடத் தொடங்க வேண்டும் என்பது அந்த மரபின் பாலபாடம். இப்படத்தில் அவர் பாடலாசிரியர் மட்டுமல்லர், நிர்வாகத் தயாரிப்பாளரும்கூட. கோட்டையின் பொருள்களுக்கு ஆளுக்கொரு குணம் கொடுத்துப் பேசவும் பாடவும் வைக்கும் யோசனையில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எய்ட்ஸ் நோயோடு போராடிக்கொண்டே இந்த வேலையைச் செய்தார். அவருக்காகப் படக்குழுவினர் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் மாநிலத்துக்குப் பயணம் செய்து அமர்ந்து பேசினார்கள். 1991 மார்ச் 14 அன்று, நாற்பது வயதில் அவர் இறந்தார். படம் வெளிவந்தது அந்த நவம்பரில்.

அதற்கு முன், செப்டம்பரில், நியூயார்க் திரைப்பட விழாவில் படத்தை முடியாத நிலையிலேயே திரையிட்டார்கள். ஏறத்தாழ முப்பது விழுக்காட்டுக் காட்சிகள் வெறும் பென்சில் கோடுகளாகவே இருந்தன. அப்படியும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஓவியத்தின் அழகே படத்தின் உயிர் என்றால், வண்ணமே ஏறாத காட்சிகளைப் பார்த்தவர்கள் எதற்காக எழுந்து நின்றார்கள்? சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் அனிமேஷன் படமும் இதுவே. சிறந்த பாடலுக்கான பரிந்துரைகளில் மூன்று இடங்களை இந்தப் படமே பிடித்தது. நடன மண்டபத்தில் ஏஞ்செலா லான்ஸ்பரி தேநீர்க் கெண்டியின் குரலில் பாடும் தலைப்புப் பாடலுக்கு விருது கிடைத்தது. அதைப் பெற்றுக்கொள்ள ஆஷ்மன் உயிரோடு இல்லை.

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. இறுதியில் இருவரும் ஆடும் நடனம், நேரம் போதாமல், 1959இல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தின் அசைவுகளை எடுத்து வரையப்பட்டது. மிருகம் இளவரசனாக மாறியதும் எனக்கு எப்போதும் ஒரு சிறு ஏமாற்றம் ஏற்படுகிறது. அந்தக் கொம்பும் பிடரியும் பழகிப்போன பிறகு வந்து நிற்கும் இளைஞன் யாரோ ஒருவனாகத் தெரிகிறான். இவற்றைக் கட்டுரையாளர் சுட்டியிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

கடற்கன்னிக்குக் குரலையும் மிருகத்துக்கு ஆன்மாவையும் தந்த நண்பர் ஹோவர்டுக்கு என்றென்றும் நன்றியுடையோம் என்ற பொருளில் படத்தின் முடிவில் ஓர் அட்டை வருகிறது. (கடற்கன்னி, அவர் முன்பு பாடல்கள் எழுதிய 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் நாயகி.) அந்த அட்டையில் அவர் பெயரும், 1950–1991 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. அடுத்த இணைப்பிதழில் ஒரு வரித் திருத்தமாகவேனும் அந்தப் பெயரை அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை.