பாரிமுனை ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு

சென்னை பாரிமுனை நடைபாதையில் வளர்ந்தவள் நான். தம்பியை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லை, முகவரி இல்லை என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு என்ன காகிதம் காட்டலாம் என்று கேட்கத்தான் அம்மாவும் நானும் உங்கள் கடைக்கு வந்தோம் அக்கா.

நீங்கள் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு எங்களோடு கிளம்பிவிட்டீர்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. அதை அச்சிட்டு எடுத்துவந்து, தலைமையாசிரியரிடம் பொறுமையாகப் படித்துக் காட்டினீர்கள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய உதவி அப்புறம்தான். மழை பெய்தால் தார்ப்பாய்க்குள்ளும் தண்ணீர் வரும். இடத்தைக் காலி செய்யச் சொல்லும் நாளில் பைகளே காணாமல் போகும். எங்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு உங்கள் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொண்டீர்கள். நாங்கள் கேட்கவே இல்லை. நகலுக்கும் காசு வாங்கியதில்லை. வீடில்லாத பிள்ளைகளின் படிப்பு எத்தனையோ முறை ஒரு காகிதம் இல்லாமல்தான் நின்றுபோகிறது. அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் கடை அங்கே இல்லை. தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா, அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.