அயோவா பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

2024 ஜனவரி 1 அன்று ஓர்லாண்டோவில் டென்னசியிடம் 35-0 என்று தோற்றதோடு முடிந்த அமெரிக்கக் கால்பந்து சீசனை, பத்து வெற்றி, நான்கு தோல்வி என்று எழுதி நீங்கள் கணக்கை மூடிவிடலாம். 1999 முதல் அணியை நடத்திவரும் தலைமைப் பயிற்சியாளர் கிர்க் ஃபெரன்ஸின் திறமையில் எனக்கு ஐயமில்லை. புள்ளி எடுக்கவே திணறிய ஒரு தாக்குதல் பிரிவை வைத்துக்கொண்டு, பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பான பிக் டென்னின் மேற்குப் பிரிவை வென்று காட்ட அவரைப் போல் பழுத்த ஒருவரால்தான் முடியும். என் மனக்குறையெல்லாம் உங்கள் அலுவலகத்தின் மேல்தான்.

தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவருடைய மகன் பிரையன். உறவினரை உறவினரே மேற்பார்வையிடக் கூடாது என்பதால், ஏட்டளவில் அவர் தந்தைக்கு அல்லாமல் உங்கள் துறை இயக்குநருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். களத்தில் முடிவெடுப்பவர் தந்தை, காகிதத்தில் மேலதிகாரி நீங்கள் என்ற இந்த ஏற்பாட்டில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனது. அதை ஈடுகட்டவோ என்னவோ, 2023 பிப்ரவரியில் பிரையனின் சம்பளத்தை 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமாகக் குறைத்து, அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளியும் மொத்தம் ஏழு வெற்றியும் பெற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினீர்கள்.

தடுப்புப் பிரிவோ உதைப் பிரிவோ எடுக்கும் புள்ளியும் அந்த 25இல் சேரும் என்பதுதான் வேடிக்கை. மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராகத் தடுப்பு ஆட்டக்காரர் கூப்பர் டிஜீன், எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 70 கெஜம் ஓடி எடுத்த புள்ளிகளும் பிரையன் கணக்கில்தான் ஏறின. அக்டோபர் 21 அன்று மின்னசோட்டாவுக்கு எதிராக, எல்லைக்கோட்டோரம் துள்ளிய பந்தை அவர் மீண்டும் அள்ளிக்கொண்டு கோட்டைக் கடந்தபோது உங்கள் கின்னிக் அரங்கமே எழுந்து நின்றது. பந்தை எடுக்குமுன் அவர் இடக்கையை அசைத்தது, பந்தைப் பிடித்து ஓடப் போவதில்லை என்று காட்டும் சைகையை விதிமீறிச் செய்தது போலாகும் என்று காணொளி பார்த்து நடுவர்கள் அதைத் தள்ளுபடி செய்ய, ஆட்டம் 12-10 என்று கைநழுவியது. நான்கு தோல்விகளிலும் சேர்த்து அணி எடுத்தது அந்த 10 புள்ளிகள் மட்டுமே.

சராசரி 15.4இல் நின்றது. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாரா ஐந்தாவது ஆட்டத்திலேயே காயமடைந்ததையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், முதல்நிலை அணிகள் 133இல், பந்தை முன்னேற்றிய கெஜக் கணக்கில் கடைசியாக வந்ததற்கு ஒருவர் காயம் மட்டும் காரணமாகாது. தாக்குதல் முன்னேறாமல் நின்றபோதெல்லாம் பந்தை எதிரணியிடம் உதைத்து ஒப்படைத்த டோரி டெய்லர் ஒரே சீசனில் 4,479 கெஜம் உதைத்து 1938ஆம் ஆண்டின் தேசிய சாதனையை முறியடித்தார். அவருக்கு அத்தனை வேலை இருந்திருக்கிறது. பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் தடுப்புப் பிரிவு இல்லையென்றால் பத்து வெற்றி ஏது?

பிரையன் அடுத்த ஆண்டு தொடர மாட்டார் என்று அக்டோபர் 30 அன்று, சீசன் நடுவில், நீங்கள் அறிவித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். தாமதம் என்றுதான் சொல்வேன். இனி அந்தப் பொறுப்புக்கு வரும் எவருடைய ஒப்பந்தத்திலும் தயவுசெய்து புள்ளிக் கணக்கு எழுத வேண்டாம். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வரியில் தலைமைப் பயிற்சியாளரின் பெயரை எழுதுங்கள். தலைமைப் பயிற்சியாளர் உங்களுக்குப் பதில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தொலைவிலிருந்து ஆட்டம் பார்க்கும் ஒரு ரசிகன்