நாணயம் எண்ணும் கிழவரின் பேத்தி

ஸ்ரீரங்கம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய நியூயார்க் உல்வொர்த் கட்டடத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூடத்தின் உச்சியில் ஒரு சிறிய உருவம் குனிந்து நாணயங்களை எண்ணுகிறதே, அது ஃபிராங்க் உல்வொர்த்தேதான். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்களை விற்றுச் சேர்த்த பணத்தில், அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடத்தை 1913இல் 1 கோடியே 35 லட்சம் டாலர் ரொக்கமாகக் கொடுத்துக் கட்டி முடித்தவர். அந்தப் படத்துக்குக் கீழே, அவருடைய பேத்தி பார்பரா ஹட்டன் ஏழு பேரைக் கட்டியும் வாழத் தெரியாமல் போனவள் என்று நீ எழுதியிருந்தாய். விளையாட்டாகத்தான் எழுதியிருப்பாய், ஆனால் எனக்கு இரண்டு இரவுகள் தூக்கம் வரவில்லை.

அவள் 1912 நவம்பரில் பிறந்தாள். 1917இல், நியூயார்க்கின் ஒரு ஹோட்டல் அறையில் தாய் எட்னா இறந்தபோது அவளுக்கு நாலரை வயது. (அந்த வயதிலேயே அவளை மனத்தில் வைத்திருப்பதால்தான் ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.) தகப்பன் உயிரோடு இருந்தும் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. தாத்தா வீட்டுக்குப் போனாள். 1919இல் தாத்தாவும் இறந்தார். பிறகு உறவினர் வீடுகள், அதன் பிறகு விடுதிப் பள்ளிகள். எல்லோரும் அவளுடைய கல்யாணங்களை எண்ணுகிறார்கள். நான் அவள் மாறிய வீடுகளை எண்ணுகிறேன்.

1930இல், நாடே வேலையின்றித் தவித்த பெருமந்த நாட்களில், பதினெட்டு வயது நிறைந்ததற்காகச் சுமார் 60,000 டாலர் செலவில் அவளுக்கு விருந்து நடத்தினார்கள். 1937இல் டெட்ராயிட்டில் உல்வொர்த் கடைப்பெண்கள் கூலி உயர்வு கேட்டுக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து போராடியபோது, தங்கள் சொற்பக் கூலியை இவளுடைய செல்வத்தோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விருந்தும் செல்வமும் அவளாகக் கேட்டு வந்தவையும் அல்ல.

ஜார்ஜிய நாட்டு இளவரசர் என்று சொல்லிக்கொண்ட அலெக்சிஸ் முதிவானியை 1933இல் மணந்தாள். இரண்டே ஆண்டுகளில் விவாகரத்து. அடுத்து மணந்த ரெவெண்ட்லோ பிரபு அவளை அடித்தார். அமெரிக்கக் குடியுரிமையையும் துறக்க வைத்தார். மூன்றாமவர் நடிகர் கேரி கிராண்ட். அவளிடமிருந்து ஒரு டாலர்கூட எடுத்துக்கொள்ளாதவர் அவர்தான். அவருக்கும் முன்பே பேர் கெட்டிருந்தவளை ஊர் விடவில்லை; பணத்தையும் அவர் பெயரையும் சேர்த்துக் கேலி செய்தது. 1945இல் பிரிந்த பிறகும் அவளுடைய மகனிடம் அவர் அன்பாகவே இருந்தார். ஐந்தாமவரான ரூபிரோசாவோடு வாழ்ந்தது 53 நாட்கள். அதற்குள் காப்பித் தோட்டமும் விமானமும் அவர் கைக்குப் போயின. யாராவது கிளம்பிவிடுவார்களோ என்று அஞ்சும் குழந்தை, கையில் இருக்கும் பொம்மையை நீட்டுமே, எனக்கு அதுதான் தெரிகிறது. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் தான் கட்டிய வின்ஃபீல்ட் மாளிகையைக்கூடப் போருக்குப் பின் ஒரே டாலருக்கு அமெரிக்க அரசுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவளிடம் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. ஒரே மகன் லான்ஸ் 1936இல் பிறந்தான். அவனையும் தாதிகளிடமும் விடுதிப் பள்ளிகளிடமும்தான் விட்டாள். 1972இல் கொலராடோவில் விமான விபத்தில் அவன் இறந்தான். அதன் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. 1979 மே மாதம், பெவர்லி வில்ஷயர் ஹோட்டலில் 66 வயதில் இறந்தாள். தாயைப் போலவே ஹோட்டல் அறையில்.

இந்த வருத்தத்தைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நீ கேட்கலாம். வளைகுடாவில் நான் செவிலியாக வேலை பார்த்த ஒன்பது ஆண்டுகளும் நீ பாட்டி வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும்தான் வளர்ந்தாய். விடுமுறை முடிந்து நான் கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு, கட்டி வைத்த பெட்டியின் மேல் தலை வைத்து நீ தூங்கியிருந்தாய்; பூட்டின் அச்சு கன்னத்தில் பதிந்திருந்தது. பணம் தேவையாக இருந்தது, உண்மைதான். ஆனாலும் அந்த அச்சைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலேயே முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வுட்லான் கல்லறைத் தோட்டத்தில், தாத்தாவின் எகிப்திய பாணிக் கல்லறை மண்டபத்தில்தான் பார்பரா இருக்கிறாள். 4ஆம் எண் ரயிலின் கடைசி நிலையம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். நீ தனியாகப் போக வேண்டாம்; ஜூலையில் நான் வந்ததும் சேர்ந்தே போவோம். திரும்புவதற்கான டிக்கெட்டை டிசம்பர் கடைசிக்குத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா