அப்பாவுக்கு, மாஸ்கோவிலிருந்து

மாஸ்கோ,
ஆகஸ்ட் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் தங்கச்சியும் சௌக்கியம்தானே? இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன், அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

"தொழிலாளி அரசாங்கத்திலேயே, மட்டம் போடுகிறவனைப் போலீஸ் தேடிப் பிடிக்கிறதாமே, நிஜமா?" என்று கேட்டிருந்தீர்கள். நிஜம்தான் அப்பா. போன நவம்பரில் சோவியத் தலைவர் பிரெஷ்நேவ் இறந்து ஆந்திரப்போவ் அந்தப் பொறுப்புக்கு வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒழுங்கு பற்றித்தான் பேச்சு. ஜனவரி 31 அன்று அவரே இங்குள்ள ஆர்ஜொனிகித்ஸே மெஷின் டூல் தொழிற்சாலைக்குப் போய்த் தொழிலாளர்களிடம் இதைப் பேசினார். அந்தக் குளிர்காலத்தில் வேலை நேரத்தில் சினிமா, கடை, பொதுக் குளியல் கூடம் என்று மிலிட்சியாக்காரர்கள் (இங்கே போலீஸுக்கு அதுதான் பெயர்) நுழைந்து, "இந்நேரம் உனக்கு இங்கே என்ன வேலை?" என்று காகிதம் கேட்டார்கள்.

என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். என் பக்கத்து மேசையில் ப்ரூஃப் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். இங்கே பெண்கள் கைப்பையில் எப்போதும் ஒரு நூல் வலைப்பை மடித்து வைத்திருப்பார்கள். அதன் பெயர் அவோஸ்கா. 'ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கும்' என்கிற அர்த்தத்தில் வைத்த பெயர். பிப்ரவரியில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, தெருமுனைக் கடைக்கு ஆரஞ்சு வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, அந்த அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். வரிசை பாதிகூட நகரவில்லை, மிலிட்சியா வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டைப் பார்த்து என்னை விட்டுவிட்டார்கள். அவருடைய பெயர், வேலை செய்யும் இடம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். அவ்வளவு நேரமும் அந்த அம்மா வெறும் வலைப்பையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசியில் போனஸ் பிடித்தார்கள். சுவர்ப் பலகையில் பெயரும் ஏறியது.

அவர் சோம்பேறி இல்லை அப்பா. சாயங்காலம் வேலை முடிந்து போனால் கடை திறந்துதான் இருக்கும், சரக்கு இருக்காது. அவர் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இருக்கிறார். மாதத்தின் முதல் பத்து நாள் மூலப்பொருள் வராமல் மெஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். கடைசிப் பத்து நாள் மாத உற்பத்திக் கணக்கை எட்டிப் பிடிக்க ராத்திரி பகலாக ஓட்டுவார்களாம். இதில் ஒழுங்கு கெட்டது யாரால்?

இந்த மாதம் புதுச் சட்டமும் வந்துவிட்டது. காரணமில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் காணவில்லை என்றால் முழு நாள் ஆப்சென்ட். எத்தனை நாள் மட்டமோ, அத்தனை நாள் வருட விடுமுறையில் கழியும். பழைய ஆட்கள் இதையே பரவாயில்லை என்கிறார்கள். 1940இல் ஸ்டாலின் போட்ட சட்டப்படி 20 நிமிஷம் பிந்தினாலே கோர்ட்டாம், ஆறு மாதம் வரை சம்பளத்தில் கால்பங்கு வரை பிடித்தமாம். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் ஜெயில். 1956இல்தான் அதை எடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் தப்பு. உங்கள் மில் கேட்டில் விடிகாலையில் பதிலி ஆட்கள் கூட்டமாக நிற்பார்களே, அந்தக் காட்சி இங்கே கிடையாது. எல்லாத் தொழிற்சாலையிலும் ஆள் பற்றாக்குறை. ஒரு கேட்டில் நீக்கினால் அடுத்த கேட்டில் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தீர்களே அப்பா, அந்தப் பயம் இங்கே யாருக்கும் இல்லை. அதை நான் பெரிதாக நினைக்கிறேன். அதனால்தான் அந்த வரிசையில் நின்றவர்களைப் பிடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைக்குச் சரக்கு வராததற்கு யார் பெயரையும் பலகையில் எழுதவில்லை.

சங்கத்தில் தோழர்கள் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்.

நண்பரிடம் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்திருக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகன்