குடும்ப வரலாற்று ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "முன்னோரை எந்த இணையதளத்தில் தேடலாம்?" என்பதுதான். முதலில் வீட்டு அலமாரியில் தேடச் சொன்னோம். பத்திரம், பழைய கடிதம், படத்தின் பின்புறம் எழுதிய ஒரு வரி என்று எதிலாவது ஊர்ப்பெயரும் ஆண்டும் கிடைத்தால் போதும். அவை இல்லாமல் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வந்து நிற்பார்கள்.

பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்யத்தான் இந்த ஆண்டு அதிகம் உழைத்தோம். எந்த ஆண்டு பிறந்தீர்கள் என்று கேட்டால் தடுமாறியவர்கள், பழைய படத்தைக் கையில் கொடுத்து "பக்கத்தில் நிற்பது யார்?" என்றதும் மணிக்கணக்கில் பேசினார்கள். மூத்த உறுப்பினர் ஒருவரின் பதிவை ஒரு வாரம் தள்ளிவைத்தேன். அதற்குள் அவர் காலமாகிவிட்டார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், பழைய குடும்ப ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்துக்கு இரண்டு பயிற்சிகள் நடத்தினோம். கணக்கு தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம். 1938 முதல் பல நாடுகளில் எடுத்த நுண்படச் சுருள்கள் (ஆவணங்களைச் சுருக்கிப் படமெடுத்த மைக்ரோஃபிலிம்), சுமார் 24 லட்சம், 2021இல் முழுவதும் எண்ணிமமாக்கப்பட்டன. சில படங்களை ஃபேமிலிசர்ச் மையங்களுக்குப் போனால்தான் திறக்க முடியும். பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால் ஆவணமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பல சுருள்களுக்குப் பெயர்ப்பட்டியல் இன்னும் இல்லை. ஊரைத் தேர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். பதிவேடு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஆகவே பெயரின் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

பிறர் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரங்களை (வம்சாவளி வரைபடங்களை) அப்படியே நகலெடுப்பது கவலை தருகிறது. தாய் பிறக்கும் முன்பே மகன் பிறந்ததாக ஒரு மரத்தில் இருந்தது. அதே பிழை வேறு நான்கு மரங்களிலும் இருந்தது. ஐந்து இடத்தில் இருப்பதால் அது ஐந்து சான்று ஆகிவிடாது. ஒவ்வொரு தேதிக்கும் எந்த ஆவணம், எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். மரபணுச் சோதனை செய்ய விரும்புவோர் உடன்பிறந்தவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரும் முடிவு அவர்களையும் தொடும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பதிவு செய்த பேச்சுகளை எழுத்தாக்கும் வேலை பாதியில் நிற்கிறது. வாரம் ஒரு மணி நேரம் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்